குட்டையில் எப்போதும் இருக்கும் கிருமி



சென்ற முறை சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களைப் பற்றி எழுதியபோது, "டீச்சர், எப்பவும் செடி கொடிதானா? எங்களுக்கு நடத்துன விலங்கியல் எல்லாம் மறந்து போச்சா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இதை எழுத வைத்தவர் மஞ்சக்குட்டை பக்கம் மிளகும் காபியும் வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்றார். மிளகுக்குத் தண்ணீர் பாய்ச்சப் பண்ணைக்குட்டை வெட்டியவர், தண்ணீர் சும்மா கிடக்கிறதே என்று ரோகு, மிர்கால், சாதாக்கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார். ஏழெட்டு மாதம் நன்றாக வளர்ந்தன. ஐப்பசி மழை பிடித்து ஒரு வாரம் ஆனதும் தினமும் பத்துப் பதினைந்து மிதக்க ஆரம்பித்தன. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். வயிற்றுப்புறம் சிவந்து, செதில் உதிர்ந்து, சிலவற்றில் புண் குழியாக இறங்கியிருந்தது. கடையில் ஆன்டிபயாடிக் பொடி ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். அதைக் குட்டையில் கொட்டலாமா என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் குட்டை நிரம்பினால் மறுகால் ஓடையில் விழும். ஓடைக்குக் கீழே ஆடு மாடு குடிக்கிறது, மனிதர்களும் புழங்குகிறார்கள்.

படத்தைப் பார்த்து நோய் சொல்ல நான் மீன் மருத்துவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று சொன்னேன்: "தம்பி, இந்த மாதிரிப் புண்ணில் பெரும்பாலும் கிடைக்கிற ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா உன் குட்டையில் போன மாசமும் இருந்திருக்கும். அதற்கு முந்தின மாசமும் இருந்திருக்கும்." உடனே அவர் கேட்டார்: "அப்படின்னா போன மாசம் ஏன் டீச்சர் சாகல?"

நான் வகுப்பெடுத்த இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதாக நினைவில்லை. மீன் நோய் ஆராய்ச்சியின் நூற்று முப்பது வருட வரலாறே இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கதை ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் தொடங்குகிறது. மீனில் தொடங்கவில்லை, காலராவில் தொடங்குகிறது.

ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவுக்கு வந்து காலராக் கிருமியை அடையாளம் காட்டியது உங்கள் பாடத்தில் வந்திருக்கும். நோய் பரவிய இடத்தில் மக்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலேயே அதைக் கண்டுபிடித்தார். கிருமி இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை என்பது அவர் கட்சி. மியூனிக்கில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் என்ற முதியவர் இதை ஒப்பவில்லை. கிருமி ஒரு காரணம்தான், மண்ணும் நீரும் பருவமும் சேராமல் அது மட்டும் ஒன்றும் செய்யாது என்பது அவர் வாதம். 1892-இல் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அக்டோபரில், தன் வாதத்தை நிரூபிக்க, பெட்டன்கோஃபர் காலராக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். அப்போது வயது எழுபத்து மூன்று. லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். சில நாள் கழித்து அவருடைய சீடர் ருடால்ஃப் எம்மெரிக்கும் குடித்தார். அவருக்குப் பேதி கடுமையாகவே வந்தது, உயிர் பிழைத்தார்.

பாடப்புத்தகங்கள் இவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடும். காலரா விஷயத்தில் கோக் பக்கம்தான் உண்மை அதிகம் இருந்தது. ஆனால் எம்மெரிக் அதற்கு இரண்டே வருடம் கழித்துச் செய்ததைப் பலரும் சொல்வதில்லை. பவேரியாவில் ஒரு ட்ரவுட் மீன் பண்ணையில் மீன்கள் உடம்பெல்லாம் கட்டி வந்து செத்தன. 1894-இல் எம்மெரிக்கும் வைபெல் என்பவரும் சேர்ந்து அதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். இன்று ஏரோமோனாஸ் சால்மோனிசிடா என்று சொல்கிறோமே, அதுதான். நோய்க்கு ஃபுருங்குலோசிஸ் என்று பெயர், கட்டி நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி மட்டும் போதாது என்று சொல்லி விஷத்தைக் குடித்த அதே மனிதர், மீனைக் கொல்லும் ஒரு கிருமியை உலகுக்குக் காட்டினார். வரலாற்றில் இந்த மாதிரி வேடிக்கை அடிக்கடி கிடைக்காது.

கொஞ்ச நாள் எல்லோரும் இது பண்ணை மீன்களுக்கு வரும் நோய் என்றே நினைத்தார்கள். நெருக்கமாக அடைத்து வளர்த்தால் வராமல் என்ன செய்யும் என்ற எண்ணம். அதை மாற்றியவர் மரியான் ப்ளென். பெண் பிள்ளைகளே, இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், ஜெர்மனியிலிருந்து சூரிச் போய்ப் படித்து, அங்கேயே முனைவர் பட்டம் வாங்கியவர். மியூனிக் திரும்பி வாழ்நாள் முழுவதும் மீன் நோய்களையே ஆராய்ந்தார். 1914-இல் பவேரிய மன்னர் அவருக்குப் பேராசிரியர் பட்டம் கொடுத்தார். பவேரியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஓடைகளில் தானாகத் திரியும் ட்ரவுட் மீன்களிலும் கட்டி நோய் இருப்பதை 1911 வாக்கில் அவர்தான் காட்டினார். அப்படியானால் கிருமி பண்ணைக்குள் பிறந்து வளரும் ஒன்றாக இருக்க முடியாது. ஆற்றிலேயே இருக்கிறது.

அடுத்து பிரிட்டன். அங்கே சால்மன் மீன் என்றால் பிரபுக்கள் விஷயம், ஆறுகளில் மீன் செத்தால் பாராளுமன்றம் வரைக்கும் போகும். 1929-இல் கட்டி நோய்க்கென்றே ஒரு குழு போட்டார்கள். 1930, 1933, 1935 என்று மூன்று அறிக்கைகள். அதன் பிறகு 1937-இல் மீன் நோய்ச் சட்டம். அறிக்கைகளிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டு. கோடையில் ஆறு வற்றித் தண்ணீர் சூடேறும்போதுதான் நோய் வெடிக்கிறது என்பது ஒன்று. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் மீன்களே கிருமியைச் சுமந்து திரிகின்றன என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் மாணவரின் கேள்வி அங்கேயும் எழுகிறது: சுமந்துகொண்டுதானே இருந்தது, அப்போது ஏன் சாகவில்லை?

இதற்கு எளிமையான ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்தவர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்நியெஸ்கோ. போலந்துக்காரர். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வேளையில் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, மேற்கு வர்ஜீனியாவில் லீடவுன் என்ற இடத்தில் மீன் நோய் ஆய்வகத்தை வளர்த்தவர். அவர் 1974-இல் எழுதிய கட்டுரை இன்றும் மீன்வளப் படிப்பில் முதல் வாரத்திலேயே வந்துவிடும். மூன்று வட்டங்கள்: ஒன்று மீன், ஒன்று கிருமி, ஒன்று சூழல். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழும் சின்ன இடத்தில் மட்டும் நோய். பெட்டன்கோஃபர் சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதுதான், மீன் குட்டை என்ற சரியான உதாரணம் அவருக்குக் கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பார் பாண்ட் என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம். அணு உலையைக் குளிர்வித்த சுடுநீர் அதில் ஒரு பக்கம் வந்து விழும். அங்கிருந்த பாஸ் மீன்களுக்குச் சிவப்புப் புண் நோய். எஷ், ஹேசன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பார்த்தது: சுடுநீர்ப் பக்கத்து மீன்கள் மெலிந்திருந்தன, மெலிந்தவற்றில்தான் புண் அதிகம். புண்ணில் இருந்தது நம்ம ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா. ஹைட்ரோஃபிலா என்றால் 'நீரை விரும்புவது' என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி உலகத்தில் எந்த நன்னீரை எடுத்தாலும் அது இருக்கும், நல்ல மீனின் குடலிலும் இருக்கும். 1980-இல் வால்டர்ஸ், ப்ளம்ப் என்ற இருவர் கெளுத்தி இன மீன்களைத் தொட்டியில் வைத்துச் சோதித்தார்கள். ஆக்சிஜனைக் குறைத்து, அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் கூட்டியபோது அதே பாக்டீரியாவின் தொற்று ஏறியது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்ததைவிட எல்லாம் சேர்ந்தபோது அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி. நம் ஊரில் இதே பாடத்தை 1988-க்குப் பிறகு பெரிய விலை கொடுத்துப் படித்தோம்.

வயதில் மூத்த உறவினர்களுக்கு நினைவிருக்கும், விரால் மீனைச் சந்தையில் யாரும் தொடாத ஒரு காலம் இருந்தது. உடம்பில் காசு அளவு சிவந்த வட்டம், பிறகு அது சதை தெரியும் புண். ஆங்கிலத்தில் நீட்டமான பெயர், சுருக்கமாக இ.யு.எஸ். என்பார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் தெரிந்த நோய், தாய்லாந்து, பர்மா எனத் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவி, இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் வந்து, 1988-இல் நம் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்தது. 1991-இல் கேரளாவின் குட்டநாட்டில் வந்துவிட்டது. தமிழ்நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் அதே சமயம்தான். விரால், ஆரால், கெளுத்தி, கெண்டைப் பொடி எல்லாம் மாட்டிக்கொண்டன. ஜிலேபி மட்டும் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தது. சாப்பிட்டால் மனிதனுக்கும் வரும் என்று வதந்தி கிளம்பி, நோயில்லாத மீனும் விலை போகவில்லை. வலை போட்டுப் பிழைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

விஞ்ஞானிகள் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா. எந்த நாட்டில் எந்த மீனில் பார்த்தாலும் அதுவே. அப்புறம் என்ன, குற்றவாளி கிடைத்தாயிற்று என்றுதான் பலரும் நினைத்தார்கள். சிலர் வைரஸ் என்றார்கள். ஆனால் புண்ணின் அடியில், சதைக்குள் ஆழமாக, பூஞ்சை இழை போல ஒன்று ஓடியிருந்தது. அஃபனோமைசிஸ் என்ற நீர்ப்பூஞ்சை. 1994 ஜனவரியில் பாங்காக்கில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் இந்த நோயின் அடையாளமே அந்த இழைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். பூஞ்சை கதவைத் திறக்கிறது, அதன் பின்னால் ஏரோமோனாஸ் உள்ளே போய் வேலையை முடிக்கிறது. சம்பவ இடத்தில் எப்போதும் இருக்கும் ஆளைப் பிடித்துக் குற்றம் சாட்டுவது போலீஸுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை போலிருக்கிறது.

சரி, பூஞ்சைக்கு யார் கதவைத் திறந்தது? இங்கேதான் மறுபடியும் தண்ணீர் வருகிறது. நோய் வெடித்ததெல்லாம் மழைக்குப் பிறகு, தண்ணீர் குளிர்ந்த மாதங்களில், பெரும்பாலும் நீர் 18 முதல் 22 டிகிரிக்கு இறங்கிய போது. தாய்லாந்தில் 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்யும் சோதனை போலத் தெளிவானது. விரால் மீன்களுக்குப் பூஞ்சையின் வித்தை ஊசி மூலம் ஏற்றி, 19, 26, 31 என்று மூன்று வெப்பநிலைகளில் விட்டார்கள். அதே மீன், அதே பூஞ்சை. 19 டிகிரியில் நோய் முற்றியது. சூடான நீரில் மீனின் உடம்பு பூஞ்சையைச் சுற்றி வளைத்து அடக்கிவிட்டது. குளிரில் மீனின் எதிர்ப்பு மெதுவாகிவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் இன்னொரு துண்டு கிடைத்தது. அங்கே ஆற்றங்கரைச் சதுப்பு மண்ணில் கந்தகம் உண்டு. வடிகால் வெட்டிக் காயவிட்டால் அது காற்று பட்டு அமிலமாகும், அடுத்த மழையில் அந்த அமிலம் ஆற்றில் இறங்கும். அமில நீர் மீனின் மேல்தோலை அரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை வித்து ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டில் இந்த நோய்க்குக் குளத்தில் சுண்ணாம்பு போடச் சொன்னதன் பின்னணியும் இந்த நீரின் தன்மைதான். புவனேஸ்வர் பக்கம் கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சிஃபாக்ஸ் என்ற மருந்தையும் கொண்டுவந்தது.

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும்: சூழல் கெட்டால் மீன் பலவீனமாகிறது, அதனால் கிருமி ஜெயிக்கிறது. நானும் பல வருடம் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், இது சரியும்கூட. ஆனால் இதில் கிருமி எப்போதும் ஒரே மாதிரி, சும்மா காத்திருக்கும் ஒன்று என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. 1980-க்குப் பிறகு தெரிய வந்தது வேறு. கிருமியும் தண்ணீரைப் பார்க்கிறது. வெப்பம் எவ்வளவு, என்ன உப்பு இருக்கிறது, இரும்பு கிடைக்கிறதா என்று அளந்து பார்த்து, அதற்கேற்பத் தன் ஆயுதத்தை எடுக்கிறது, வைக்கிறது. இந்தப் பதிவின் சாரமே இந்தப் பகுதிதான், நிதானமாகப் படியுங்கள்.

எம்மெரிக் கண்ட அந்தக் கட்டி நோய்க் கிருமிக்கு உடம்பின் மேல் புரதத்தால் ஆன ஒரு கவசம் உண்டு. மீனின் ரத்தம் அதைத் தாக்கினாலும் கவசம் தாங்கும். கனடாவில் இஷிகுரோ என்பவரும் கூட்டாளிகளும் 1981-இல் ஒன்றை எழுதினார்கள். அந்தக் கிருமியை அதற்கு ஏற்ற குளிர்ச்சியைத் தாண்டி, 26, 27 டிகிரியில் தொடர்ந்து வளர்த்தால், கவசம் இல்லாத கிருமிகள் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடுகின்றன. அப்படி வளர்த்ததை மீனுக்குள் செலுத்தினால் மீன் சாவதில்லை. பெயர் அதே பெயர்தான், கொல்லும் குணம் போய்விட்டது.

இரண்டாவது கதை இரும்பு. கடல் மீன்களைத் தாக்கும் விப்ரியோ அங்குயில்லாரம் என்ற பாக்டீரியா, ஐரோப்பாவில் விலாங்கு மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற 'சிவப்பு நோயில்' கிடைத்தது. 1909-இல் ஸ்வீடனில் பெர்க்மன் அந்தப் பெயரை வைத்தார். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குப் பெருக இரும்பு வேண்டும். மீனின் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, ஆனால் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும், யாருக்கும் கொடுக்காது. நம்ம வீட்டில் அம்மா அரிசிப் பானையைப் பூட்டி வைப்பது போல. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஹோர்ஹே குரோசா 1980-இல் காட்டியது இது: நோய் உண்டாக்கும் விப்ரியோவிடம் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையமான ஒரு கூடுதல் டி.என்.ஏ. இருக்கிறது, அந்த பூட்டை உடைத்து இரும்பைப் பறிக்கும் கருவியின் வரைபடம் அதில் இருக்கிறது. பிளாஸ்மிட்டை இழந்த விப்ரியோவால் மீனைக் கொல்ல முடியவில்லை. இதில் ரசிக்க வேண்டியது என்னவென்றால், இரும்பு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அந்தக் கருவியை அது செய்வதே இல்லை. பற்றாக்குறை வந்தால்தான் செய்யும். அதாவது மீனின் ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்பதை அது இரும்புத் தட்டுப்பாட்டை வைத்தே தெரிந்துகொள்கிறது.

மூன்றாவது, நம் பக்கத்துக்குக் கிட்ட வருவது. எட்வர்ட்சியெல்லா என்ற பாக்டீரியா வெப்ப நாட்டுக் குளத்து மீன்களுக்குப் பெரிய தொல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2010-இல் அதன் தோலில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தை ஆராய்ந்தார்கள். அதுதான் அந்தக் கிருமியின் தெர்மாமீட்டர். தண்ணீர் 23 முதல் 35 டிகிரி வரை இருந்தால் அது உள்ளே தகவல் அனுப்பும், கிருமி தன் ஊசிகளை நீட்டும். ஊசி என்று சும்மா சொல்லவில்லை, மீனின் செல்லுக்குள் விஷப் புரதங்களைக் குத்தி ஏற்றும் நுண்குழல்கள் அவை. 20-க்குக் கீழே இறங்கினாலோ 37-க்கு மேலே போனாலோ தகவல் நிற்கும், ஊசி உள்ளே போய்விடும். அதே புரதம் இன்னொன்றையும் அளக்கிறது, மக்னீசியம். மக்னீசியம் குறைவாக இருந்தால் ஆயுதம் எடு என்று அர்த்தம், ஏனென்றால் மீனின் செல் தன்னை விழுங்கி அடைத்து வைத்திருக்கிறது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

மக்னீசியம் என்றதும் சேலத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். மலை இறங்கினால் மேக்னசைட் வெட்டும் வெள்ளைக் கரடுகள், அதன் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையம். கரட்டு நீரும் மலை மேல் குட்டையில் விழும் மழை நீரும் ஒன்றாக இருக்காது என்பதை வாயில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். மழைநீர் நிரம்பிய குட்டையில் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு, அமில காரத் தன்மை சட்டென்று ஆடும். இதனால்தான் அந்த மீன் செத்தது என்று நான் முடிச்சுப் போடவில்லை. மலையில் ஒரு குட்டையும் சமவெளியில் ஒரு குட்டையும் ஒரே மீன் குஞ்சை வாங்கி விட்டாலும், கிருமியின் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு நாடு என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் மாணவரின் ஆன்டிபயாடிக் டப்பாவுக்கு வருகிறேன். கொட்ட வேண்டாம் என்றேன். காரணம் மூன்று சொன்னேன். முதலாவது, புண்ணில் பூஞ்சை கதவைத் திறந்திருந்தால் பாக்டீரியா மருந்து அந்தக் கதவை மூடாது. இரண்டாவது, குட்டையின் ஆக்சிஜனோ அமிலத் தன்மையோ மாறாதவரை இன்று செத்த பாக்டீரியாவின் இடத்தில் ஓடை நீரிலிருந்து நாளைக்கு வேறு வந்து உட்காரும். மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது. குரோசா கண்ட பிளாஸ்மிட் போன்ற வளையங்களில் மருந்தை முறிக்கும் மரபணுக்களும் ஏறிக்கொள்ளும். கட்டி நோய்க் கிருமி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இப்படி மருந்து எதிர்ப்பைக் கைமாற்றிவிடுவதை 1970-களின் தொடக்கத்திலேயே ஜப்பானில் ஆவோகி பார்த்துவிட்டார். மறுகால் ஓடையில் விழும் குட்டையில் அந்தப் பொடியைக் கொட்டினால் அது மீன் விஷயமாக நிற்காது. தவிர குளோரம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்றவை மீன் வளர்ப்பில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் வாங்கிவிடுகிறோம்.

அதற்குப் பதிலாகச் செய்யச் சொன்னது: உயிரோடு இருக்கும், ஆனால் புண் வந்த மீன் இரண்டு மூன்றைத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டு, செத்துக் காய்ந்ததை எடுத்துப் போனால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது. தீவனத்தைக் குறை. விடியற்காலையில் போய் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதா பார், ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் அதுதான். சுண்ணாம்பு எவ்வளவு என்பதை நீரின் அமில காரத்தை அளந்த பிறகு அவர்கள் சொல்லட்டும், பக்கத்துத் தோட்டத்தில் போட்ட அளவைக் கேட்டுப் போடாதே.

மிதக்கும் மீனை அன்றன்றே எடுத்துவிடு என்றும் சொன்னேன். நாற்றத்துக்காக இல்லை. பின்லாந்தில் காலம்னாரிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா நோய், 1984-க்குப் பிறகு பண்ணைகளில் வருடத்துக்கு வருடம் கடுமையானது. ஏன் என்று தேடியவர்கள் 2010-இல் எழுதிய காரணம் யோசிக்க வைப்பது. பொதுவாக ஒரு கிருமி தான் தங்கியிருக்கும் மீனைச் சீக்கிரம் கொன்றுவிட்டால் அதற்கும் நஷ்டம், வீட்டை எரித்தவன் கதை. ஆனால் இந்தப் பாக்டீரியா செத்த மீனிலும் பெருகும், அதிலிருந்து மற்ற மீனுக்கும் பரவும். ஆயிரக்கணக்கான மீனை ஒரே தொட்டியில் அடைத்து வைத்தால் அடுத்த மீன் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அப்போது சீக்கிரம் கொல்வதால் கிருமிக்கு நஷ்டமே இல்லை, லாபம்தான். பண்ணைக்காரர்களே அறியாமல் வருடா வருடம் கொடிய வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். நல்ல விதை நெல்லை எடுத்து வைப்பது போல.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, நாகலூர் பக்கம் குட்டையில் மீன் விட்டிருப்பவர்கள் இந்தப் பதிவைப் படித்தால், ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி ஒரு முழ ஆழத்தில் இறக்கி, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் என்ன காட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மார்கழி, தை இரவுகளில் நம் மலைக் காற்று 15-க்குக் கீழே போவது உங்களுக்குத் தெரியும், சித்திரையில் பகல் எப்படி ஏறும் என்பதும் தெரியும். நான் மேலே சொன்ன 19, 20, 23 என்ற எண்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன. மழை பெய்த நாளையும் மீன் செத்த நாளையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு வருட நோட்டு கையில் இருந்தால் மீன்வளக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் பக்கத்தைப் படம் எடுத்து கமெண்டில் போடுங்கள், கையெழுத்துக்கு மார்க் குறைக்க மாட்டேன்.